சிறு டிராக்டரும் சுழலும் சம்மட்டிகளும்

தென்னந்தோப்பு வைத்திருப்போரின் நீங்காத தொல்லைகளுள் களை முதன்மையானது எனலாம். நல்ல மழை பெய்து ஒரு மாதம் ஆனால் மரவரிசைகளுக்கு இடையே புல் முழங்காலளவு வளர்ந்து விடுகிறது. ஆள் வைத்து வெட்டலாம் என்றால் ஆள் கிடைப்பது அரிதாகி விட்டது. களைக்கொல்லி தெளித்தால் புல்லோடு ஊடுபயிருக்கும் கேடு வரலாம். அடிக்கடி உழுதாலோ மேல் வேர்கள் அறுபடும். பொலபொலவென்று கிடக்கும் மண்ணை அடுத்த மழை அடித்துச் செல்லும். காய்ந்த பின் தீ வைத்தால், மண்ணுக்குத் திரும்ப வேண்டிய மக்கு புகையாகப் போய்விடும்.

இந்நான்கு வழிகளுக்கும் மாற்றாக ஐந்தாவது வழி ஒன்று உண்டு. புல்லை நின்ற இடத்திலேயே பொடித்து, அவ்விடத்திலேயே மூடாக்காகப் பரப்பி விடுவதே அது. அப்பணியைச் செய்வதற்கென மினி டிராக்டரின் பின்னால் பூட்டப்படும் கருவிக்குப் பிளெயில் மோவர் என்று பெயர். நம் பக்கத்தில் இவ்வகைக் கருவியை மல்ச்சர் என்றும் சொல்வார்கள். இதனை வாங்குவதற்கும் இயக்குவதற்கும் விதிகள் பல கூறப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இயற்பியல் வகுப்பில் நாம் படித்த ஒரே உண்மையிலிருந்து பிறப்பவை. அவ்வுண்மையைப் பிடித்துக் கொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பெயரும் அமைப்பும்

நம் நாட்டில் நெற்கதிரைக் கல்லில் அடித்தும், மாடுகளைப் பிணையல் கட்டி மிதிக்க விட்டும் மணியைப் பிரித்தார்கள். ஐரோப்பிய உழவர்கள் இதற்கு ஒரு கோலைப் பயன்படுத்தினார்கள். நீண்ட கைப்பிடி ஒன்றின் நுனியில் குட்டையான தடி ஒன்றைத் தோல்வாரினால் தொங்கவிட்டிருப்பார்கள். கைப்பிடியை வீசினால் தடி சுழன்று வந்து கதிர்மேல் விழும். இக்கோலின் பெயர்தான் பிளெயில். கோலோடு இறுகப் பிணைக்கப்படாமல் தடி தொங்குகிறது என்பதே இதன் சிறப்பு.

இயந்திரத்திலும் இதே அமைப்புதான். நிலத்துக்கு இணையாகக் கிடக்கும் இரும்பு உருளை ஒன்றின்மேல் பல சம்மட்டிகளோ கத்திகளோ கீல் வைத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும். டிராக்டரின் பின்புறத்தில், பி.டி.ஓ. என்று ஓட்டுநர்கள் சொல்லும் தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்கிறது. இச்சுழற்சி ஓர் இணைப்புத் தண்டின் வழியே கருவியின் கியர் பெட்டியை அடைந்து, அங்கும் பெல்ட் சக்கரங்களிலும் வேகம் பெருக்கப்பட்டு, உருளைக்குச் செல்கிறது. உருளை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 முதல் 2,500 முறை சுழலும். நின்றிருக்கும்போது துவண்டு தொங்கும் சம்மட்டிகள், சுழலத் தொடங்கியதும் குடை விரிவதுபோல் விறைத்து நிற்கின்றன. கல்லோ கட்டையோ குறுக்கிட்டால், கீலில் பின்னுக்கு மடங்கி அடியைத் தவிர்த்து, மீண்டும் விரிந்து கொள்கின்றன.

கணக்கு சொல்லும் உண்மை

சம்மட்டிகளை விறைக்கச் செய்வது எது? சுழற்சியேயன்றி வேறில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். உருளை நிமிடத்துக்கு 2,200 முறை சுழல்வதாகவும், சம்மட்டியின் நுனி அச்சிலிருந்து 20 செ.மீ. தொலைவில் இருப்பதாகவும் கொள்வோம். ஒரு சுற்றில் நுனி செல்லும் தொலைவு 1.26 மீட்டர். வினாடிக்கு 36.7 சுற்றுகள். ஆகவே நுனியின் வேகம் வினாடிக்கு 46 மீட்டர்; அதாவது மணிக்கு 166 கிலோமீட்டர்! விரைவுப் பேருந்தைக் காட்டிலும் விரைவாகச் செல்லும் இரும்பின் அடி புல்லின்மேல் விழுகிறது.

இனி விசையைப் பார்ப்போம். சம்மட்டியின் எடை 600 கிராம் என்றும், அதன் பொருண்மை மையம் அச்சிலிருந்து 17 செ.மீ. தொலைவில் உள்ளதென்றும் வைத்துக் கொண்டால், அதனை வட்டப் பாதையில் பிடித்து வைக்கக் கீல் தரவேண்டிய விசை ஏறத்தாழ 5,400 நியூட்டன். 75 கிலோ நெல் மூட்டைகள் ஏழினை அந்தச் சிறு போல்ட்டில் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இழுப்பு!

இவ்விசை சுழற்சி வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்பதை நாம் அறிவோம். அடியின் ஆற்றலும் அவ்வாறே. வேகம் பாதியானால் இரண்டும் கால் பங்காகி விடும். இதுவே நாம் பிடித்துக் கொள்ள வேண்டிய உண்மை.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது அகலம். அகலமான கருவி விரைவில் வேலையை முடிக்கும் என்று எண்ணிப் பெரியதை வாங்குவோர் உண்டு. ஆனால் டிராக்டரால் உருளையை முழு வேகத்தில் வைத்திருக்க முடியாவிட்டால், மேற்கூறிய இருமடி விதி உடனே வேலையைக் காட்டும். வேகம் சிறிது குறைந்தாலும் அடியின் வலிமை வெகுவாகக் குறையும். புல் வெட்டுப்படாமல் நசுங்கிச் சுருண்டு அடைக்கும். புல்வெட்டுக்கு ஒரு மீட்டர் அகலத்துக்குப் பி.டி.ஓ. தண்டில் 15 முதல் 20 குதிரைத்திறன் வேண்டும் என்பது பொதுவான அளவு. எஞ்சினின் குதிரைத்திறனில் ஏறத்தாழ 85 விழுக்காடே தண்டுக்கு வந்து சேரும். எஞ்சின் 24 குதிரைத்திறன் என்றால் தண்டில் கிடைப்பது 20. இதற்கு 1.2 மீட்டர் கருவி பொருந்தும். 1.5 மீட்டர் கருவி 22 முதல் 30 வரை கேட்கும்; அது இந்த டிராக்டருக்கு ஆகாது. அதே வேளையில், பின் சக்கரங்களின் வெளி விளிம்புகளுக்கு இடைப்பட்ட அகலத்தையாவது கருவி மூட வேண்டும். இல்லையேல் சக்கரம் மிதித்த புல் படுத்தபடியே கிடந்து பின்னர் எழும்.

இரண்டாவது எடை. மூன்று புள்ளி இணைப்பு 1936ஆம் ஆண்டு ஹாரி பெர்குசனின் டிராக்டரில் விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் அதுவே வழக்கம். கருவியின் கீழ்முளை 22 மி.மீ. தடிமன் கொண்ட முதல் வகையைச் சேர்ந்ததா, டிராக்டரின் கரங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கருவியைத் தூக்கி நிறுத்தும்போது முன் சக்கரங்கள் பாரமிழக்கும். டிராக்டரின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கேனும் முன் சக்கரங்களின்மேல் எஞ்சி நிற்க வேண்டும். இல்லையானால் வரப்பு ஏறும்போது ஸ்டியரிங் பிடிக்காது. முன்புறம் எடைக்கட்டிகள் பூட்டுவது இதற்காகவே.

மூன்றாவது கத்தி. புல்லும் மெல்லிய செடியுமே மிகுதி என்றால், எதிரெதிராக வளைந்த இரட்டைக் கத்திகள் போதும். அவை திறனைக் குறைவாகக் கேட்கும். சீமைக் கருவேலங் கன்று போன்ற, விரற்பருமனுள்ள தண்டுகள் இருப்பின் கனத்த சம்மட்டி வேண்டும். அதற்குமேல் தடித்தவற்றைச் சிறு டிராக்டரிடம் எதிர்பார்ப்பது தவறு. தென்னை மட்டையின் அடிப்பகுதியும் அத்தகையதே. அதைப் பொடிக்கத் தனி இயந்திரம் உண்டு.

நான்காவது, கருவியால் ஆகாத வேலை எது என்று அறிவது. புல்லை மாட்டுக்குத் தீவனமாக்க வேண்டுமென்றால் இது ஏற்றதன்று; புல் பொடிந்து மண்ணோடு கலந்துவிடும். அரிவாளோ, நீள்பட்டைக் கத்தி பூட்டிய வெட்டியோ அதற்கு உரியது. ஒரே தட்டையான கத்தி படுக்கையாகச் சுழலும் வகை விலை குறைந்தது. திறனும் குறைவாகவே கேட்கும். ஆனால் அது புல்லைக் கற்றை கற்றையாக விட்டுச் செல்லும். கல்லை நெடுந்தொலைவு வீசும் ஆபத்தும் அதில் மிகுதி.

வாங்குவதற்கு முன் ஒருமுறை வாடகைக்கு எடுத்துத் தம் தோப்பில் ஓட்டிப் பார்ப்பது அறிவுடைமை. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டால் எக்கருவி எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்ற விவரம் தெரியவரும். 2014–15இல் தொடங்கிய நடுவண் அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் உதவியுடன் வாடகை மையங்கள் பல அமைந்துள்ளன. ஆண்டுக்கு இரண்டு நாள் வேலைக்காகக் கடன் பட்டுக் கருவி வாங்குவதைவிட வாடகையே மேல்.

இயக்கும் முறை

முதலில் தோப்பைக் கால்நடையாகச் சுற்றி வர வேண்டும். கல், கம்பி, மட்டை, கயிறு ஆகியவற்றை அகற்ற வேண்டும். சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி மரத்தடிக்கு ஒதுக்க வேண்டும். குழாயோ கயிறோ உருளையில் சுற்றிக் கொண்டால் அதை அறுத்தெடுப்பதற்குள் ஒருவேளைப் பொழுது போய்விடும்.

புல்லுக்குள் நுழையும் முன்பே எஞ்சினை, தண்டு 540 சுற்றுக் காட்டும் அளவுக்கு உயர்த்திவிட வேண்டும். புல் அடர்த்தியாக இருந்தால் கியரைக் குறைத்து மெதுவாகச் செல்ல வேண்டுமேயன்றி ஆக்சிலேட்டரைக் குறைக்கக் கூடாது. எண்ணெய் மிச்சம் என்று கருதி எஞ்சினைத் தாழ்த்தி ஓட்டினால் சம்மட்டி துவளும். மீண்டும் மீண்டும் அதே இடத்தில் ஓட்ட நேர்ந்து எண்ணெய் கூடுதலாகவே செலவாகும்.

எவ்வளவு நேரம் ஆகும்? தென்னை 7.5 மீட்டர் இடைவெளியில் நடப்பட்டிருக்கிறது என்க. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியைத் தொடாமல் விட்டால், இரு வரிசைகளுக்கிடையே 3.9 மீட்டர் அகலம் எஞ்சும். 1.2 மீட்டர் கருவியால், ஓரத்தில் சிறிது மேற்பொருந்துமாறு நான்கு முறை சென்றால் அது முடியும். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், திருப்பங்களையும் சேர்த்து, ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம் என்று மதிப்பிடலாம்.

வெட்டும் உயரத்தைப் பின்னாலுள்ள தாங்கு உருளையைக் கொண்டு 5 முதல் 8 செ.மீ. வரை வைப்பது நன்று. மண்ணைத் தொடுமாறு தாழ்த்தினால் கத்தி தேயும், கல் பறக்கும், வெறும் மண் வெயிலில் காயும். இடுப்பளவு வளர்ந்த புல்லை ஒரே முறையில் வெட்ட முனையாமல், முதலில் உயரமாகவும் பிறகு தாழ்வாகவும் இரு முறை ஓட்ட வேண்டும்.

ஒரு சம்மட்டி கழன்று விழுந்தால் ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். கழன்றதன் எதிர்ப்பக்கத்தில் இருப்பது 5,400 நியூட்டன் விசையுடன் வினாடிக்கு 36 முறை உருளையைத் தன்பக்கம் இழுக்கும். பேரிங் உடைவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். புதிய சம்மட்டி போடும்போது அதற்கு நேர் எதிரில் உள்ளதையும் சேர்த்து மாற்றுவது இதனாலேயே.

உயிர் காக்கும் உறை

இறுதியாக, ஆனால் எல்லாவற்றினும் முதன்மையாக, இணைப்புத் தண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது வினாடிக்கு 9 சுற்று. தண்டின் மூட்டு 7 செ.மீ. விட்டமுள்ளது என்றால் அதன் சுற்றளவு 22 செ.மீ. ஆகவே அதில் சிக்கிய துணி வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வீதம் உள்ளே இழுக்கப்படும். தோளில் கிடக்கும் துண்டு ஒரு வினாடியில் முழுவதும் சுற்றிவிடும். அடுத்த வினாடியில் சுற்றுவது கை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து நிறுத்துவதற்கு அங்கே நேரமே இல்லை.

இதைத் தடுக்கவே தண்டின்மேல் பிளாஸ்டிக் உறை ஒன்று தரப்படுகிறது. அது தண்டோடு சுழலாதபடி சிறு சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும். கிரீஸ் வைப்பதற்காக அதைக் கழற்றுகிறார்கள், திரும்ப மாட்டுவதில்லை. கருவி நன்றாகத்தான் ஓடுகிறது; உறை இல்லாத குறை ஒருவர் கண்ணுக்கும் படுவதில்லை. கதிரடிக்கும் இயந்திரங்களில் கையிழந்தவர்கள் பலர். 1983ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தை இயற்றி, சாவுக்கும் காயத்துக்கும் இழப்பீடு பெற வழி வகுத்தது. ஆயினும் இழப்பீடு போன கையைத் திருப்பித் தருமா?

வேட்டியின் தொங்கலை இறுகக் கட்டுதல், துண்டைக் கழற்றி வைத்தல், சுழலும் தண்டைத் தாண்டாதிருத்தல், கருவியின் அருகே செல்லுமுன் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக் கொள்ளுதல் ஆகியவை கட்டாயம். தண்டை நிறுத்திய பிறகும் உருளை தன் நிலைமத்தால் சிறிது நேரம் சுழன்று கொண்டேயிருக்கும் என்பதை மறத்தல் கூடாது. ஓடும் கருவிக்கு முன்னும் பின்னும் குழந்தைகளோ ஆடுமாடுகளோ வராமல் பார்த்துக் கொள்வதும் இன்றியமையாதது. உருளையின் முன் தொங்கும் தடுப்புப் பட்டைகள் கிழிந்திருந்தால், மணிக்கு 166 கிலோமீட்டர் வேகத்தில் அடிபட்ட கல் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல இயலாது.

முடிவுரை

டிராக்டருக்கு ஏற்ற கருவி, முழு வேகத்தில் சுழற்சி, மெதுவான நடை, கழற்றாத உறை — இந்நான்கும் சேர்ந்தால் களை எனும் தொல்லையே மண்ணுக்கு உணவாக மாறும். தீயும் வேண்டாம், வேரறுக்கும் உழவும் வேண்டாம். நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். சுழற்சி இயக்கத்தைத் தேர்வுத்தாளில் எழுதும் நாம் அதை வீட்டுத் தோப்பிலும் எடுத்துச் சொல்லலாம் அல்லவா? விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் டிராக்டரின் பின்னால் ஒருமுறை குனிந்து பாருங்கள். உறை மூலையில் கிடந்தால் எடுத்து மாட்டச் சொல்லுங்கள். கற்ற கல்வி ஒரு கையைக் காப்பாற்றினால் அதைவிடப் பெரிய மதிப்பெண் வேறில்லை.