பிக்கப் வண்டிக்கு மூன்றாவது பிரேக் லைட்

நமது சங்க உறுப்பினர்களில் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் டயருக்குச் செலவு செய்வோம், ஸ்பிரிங் பட்டை கூட்டுவோம், மழைக்காலம் வந்தால் புதிய தார்ப்பாய் வாங்குவோம். ஆனால் வண்டியின் பின்புறம் எரிய வேண்டிய இரண்டு சிவப்பு விளக்குகளை எஃப்.சி. தேதி நெருங்கும்போதுதான் குனிந்து பார்ப்போம். அப்படிப் பார்க்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுத முன்வந்தேன்.

மணிமங்கலத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். எங்கள் பிக்கப் வண்டி விடிவதற்கு முன்பே சரக்கு ஏற்றிக்கொண்டு படப்பை, ஒரகடம் பக்கத்துக் கடைகளுக்கும் கேன்டீன்களுக்கும் போகும். அந்தச் சாலையைப் பற்றி உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பறக்கும் பையன்களின் மோட்டார் சைக்கிள்கள், எல்லாம் ஒரே தடத்தில் ஓடுகின்றன.

மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி மாதம், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைத்தது. எங்கள் டிரைவரும் பிரேக் அடித்தார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் நேராக வந்து பின் கதவில் மோதியது. காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த பையன். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது அவன் கோபப்படவில்லை. "பிரேக் லைட் எரியவே இல்லையே சார்" என்று மட்டும் சொன்னான்.

வண்டியைப் போய்ப் பார்த்தோம். வலது விளக்கின் மேல் தார்ப்பாயின் ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பல்பு போயிருந்தது. அது போயிருப்பது எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம். நான்கு நாள் முன்பே டிரைவர் என்னிடம், "அண்ணாச்சி, லெப்ட் பல்பு போயிருக்கு" என்று சொன்னார். "எஃப்.சி.க்கு விடும்போது சேர்த்துப் பார்த்துக்கலாம்ப்பா" என்று நான் பதில் சொன்னேன். இரண்டு டீ குடிக்கிற காசில் கிடைக்கும் பல்பு. ஆஸ்பத்திரிச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் பையனுக்கு ஐந்து மாதம் வேலைக்குப் போக முடியாமல் போயிற்று.

அதன் பிறகுதான் இந்த விளக்கு விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாக விசாரித்தேன். கார்களில் பின் கண்ணாடியின் நடுவே எரியும் மூன்றாவது பிரேக் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் கதை சுவையானது. 1974-ல் அமெரிக்காவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற மனோதத்துவ நிபுணர், சான் பிரான்சிஸ்கோ நகர டாக்சிகளில் 343 வண்டிகளுக்கு நடுவில் ஒரு கூடுதல் விளக்கைப் பொருத்திப் பார்த்தார். பத்து மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது, பின்னால் வந்து மோதும் விபத்து அந்த வண்டிகளில் சுமார் 60 சதவிகிதம் குறைந்திருந்தது. 1986 மாடல் முதல் அந்நாட்டுக் கார்களுக்கும், 1994 மாடல் முதல் பிக்கப் போன்ற இலகு ரக வண்டிகளுக்கும் இதைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் எல்லா வண்டியிலும் வந்த பிறகு, 1998-ல் அரசுத் துறையே கணக்குப் பார்த்தபோது, நீண்ட காலப் பலன் 4.3 சதவிகிதம் என்றுதான் வந்தது. புதிதாக இருந்தவரை கண்ணை இழுத்தது, பழகியதும் பாதிப் பேர் கவனிப்பதில்லை போலும். நம் வியாபாரத்தில் கடை வாசலில் புது போர்டு வைத்த கதைதான். இருந்தாலும் நூறு மோதலில் நான்கு குறைந்தால் அது நான்கு குடும்பம். அந்தச் செலவுக்கு அது நஷ்டமில்லை என்பது என் கருத்து.

எல்.இ.டி. ஏன் என்று கேட்கலாம். சாதாரண பல்பில் இழை சூடேறிப் பழுத்த பிறகுதான் முழு வெளிச்சம் வரும். அதற்குச் சுமார் 0.2 வினாடி பிடிக்கும். எல்.இ.டி. மின்சாரம் வந்த உடனே எரிந்துவிடும். 0.2 வினாடி என்ன பெரிய நேரம் என்று நானும் முதலில் சிரித்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்தில் 3.3 மீட்டர் ஓடிவிடும். ஒரு மோட்டார் சைக்கிளின் நீளத்தை விட அதிகம். மின்சாரச் செலவும் அற்பம். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். இருபது சின்ன எல்.இ.டி. சேர்ந்தாலும் அதில் இருபதில் ஒரு பங்குதான்.

என் தம்பி மகன் டிப்ளமோ படித்தவன். "பெரியப்பா, நாமே செய்துடலாம்" என்றான். ரிச்சி தெருவில் சாமான் வாங்கி வந்தான். சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட் வேண்டும். ஐந்தை வரிசையாகச் சேர்த்தால் 10 வோல்ட். பேட்டரி 12 வோல்ட் என்று பெயரே தவிர, இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் வரும். மீதியைத் தாங்க ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு 220 ஓம் ரெசிஸ்டர். இப்படி நான்கு வரிசை. எரிந்தது, அழகாகவே எரிந்தது. அடுத்த மழையில் உள்ளே தண்ணீர் புகுந்து இரண்டு வரிசை செத்தது. பிறகு, தண்ணீர் புகாமல் மூடி முத்திரை வைத்த தயார் விளக்கையே ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினோம். எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஆகவே விளக்கைச் செய்யும் வேலையை விட்டுவிடுங்கள். பொருத்தும் வேலையை மட்டும் நாம் பார்த்தால் போதும்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் தலைவலி. வெளிநாட்டுப் பிக்கப்பில் கேபின் பின்னால் உச்சியில் வைக்கிறார்கள். நம் வண்டியில் அரிசி மூட்டை கேபினுக்கு மேலே ஏறி நிற்கும். விளக்கு மூட்டைக்குத்தான் வெளிச்சம் காட்டும். பின் கதவில் வைத்தாலோ, நீளக் கம்பி, பைப் ஏற்றிக் கதவைத் திறந்து தொங்கவிடும் நாளில் அது தரையைப் பார்க்கும். அந்தக் கதவு கம்பெனி விளக்குகளையும் மறைக்கிற வண்டிகள் உண்டு. கடைசியில், தொங்கும் கதவுக்கும் கீழே, பின் பம்பர் கம்பியின் நடுவில் வைத்தோம். கொஞ்சம் தாழ்வுதான், சேறு படும், தினம் துடைக்க வேண்டும். ஆனால் தார்ப்பாயும் கதவும் அதை மறைப்பதில்லை.

வயர் எடுப்பதில் நாங்கள் பட்ட அவஸ்தையைச் சொல்லிவிடுகிறேன். பின் விளக்கில் பெரும்பாலும் ஒரே பல்பில் இரண்டு இழை இருக்கும். 5 வாட் இழை இரவு விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. முதலில் வேலை செய்த எலக்ட்ரீஷியன் இரவு விளக்கு வயரில் இணைத்துவிட்டார். லைட் சுவிட்ச் போட்டதும் புது விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிரேக் மிதித்தால் எந்த மாற்றமும் இல்லை. பின்னால் வருபவனுக்கு இதை விட ஆபத்து வேறில்லை. சரியான வயரைக் கண்டுபிடிக்க, எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றவர் டெஸ்ட் லாம்பால் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் எரிகிற வயர்தான் நமக்கு வேண்டியது. அதில் சிறிய ஃபியூஸ் ஒன்று வைத்து, சால்டரிங் செய்து, சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு கோடைக்குத் தாங்காது. வாரண்டி முடியாத வண்டியில் வயரை வெட்டவே வேண்டாம். கம்பெனி சர்வீசில் கேட்டுச் செய்யுங்கள்.

எர்த் வயரைப் பெயிண்டின் மேல் முறுக்கிவிடக் கூடாது. சேசிஸில் சுரண்டிப் பளபளப்பாக்கி, போல்ட்டில் பிடித்து, மேலே கிரீஸ் தடவ வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் நின்றபோது எங்கள் வண்டியும் ஒரு நாள் அதில் நின்றது. அப்போது பிடித்த துரு எர்த் போல்ட்டில் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்ததுமே பழைய பல்பின் வெளிச்சம் கூடிவிட்டது! புது விளக்கு வாங்குவதற்கு முன் அதை ஒருமுறை பாருங்கள். சிலருக்கு அத்தோடு வேலை முடிந்துவிடும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இடது, வலது இரண்டு பக்கமும் சிவப்பு பிரேக் லைட் இருந்தே ஆக வேண்டும். நடுவில் வைப்பது கூடுதல்தானே தவிர அவற்றுக்கு மாற்று இல்லை. இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் விளக்கு போன்றவை நீங்கலாகப் பின்புறம் சிவப்பைத் தவிர வேறு நிறம் காட்டக் கூடாது. சில இளைஞர்கள் நீலத்திலும், மினுக்மினுக்கென்று விட்டுவிட்டு எரிகிற மாதிரியும் மாட்டுகிறார்கள். பின்னால் வருபவனுக்கு அது குழப்பம், நமக்கு அபராதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை போகலாம், சிறையும் உண்டு. ஆகவே மாட்டும் முன் எஃப்.சி. பார்க்கும் வாகன ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்டுக்கொண்டுதான் மாட்டினேன், அதுவும் கழற்றக்கூடிய நட்டு போல்ட்டில். பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கரண்ட் இல்லாமலே வேலை செய்கிற பொருள் அது.

அந்தப் பையன் இப்போது வேலைக்குப் போகிறான். மாதச் சாமான் எங்கள் கடையில்தான் வாங்குகிறான். படி ஏறும்போது மட்டும் இடது காலைக் கொஞ்சம் இழுத்துப் போடுவான். எங்கள் வண்டி இப்போது லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டியதும், டிரைவர் பிரேக்கை மிதிக்க, லோடுமேன் பின்னால் நின்று மூன்று விளக்கையும் பார்த்துக் கையைத் தூக்கிய பிறகுதான் கிளம்புகிறது.