உங்களுக்குத் தெரியுமா? ஊர்ப் பணம் தொலைந்தால் யார் கட்டுவது?

சிட்னியின் கிரவீன் பகுதியில் நாம் கட்டும் கவுன்சில் வரி கம்பர்லாண்ட் மாநகர மன்றத்துக்குப் போகிறது. கவுன்சிலரோ பொது மேலாளரோ கவனக்குறைவாலோ முறைகேட்டாலோ அதைத் தொலைத்தால்? இழப்பை அவர் சொந்தப் பணத்திலிருந்தே ஈடுகட்டச் சொல்ல உள்ளாட்சியைக் கவனிக்கும் மாநிலத் துறையின் தலைவருக்கு அதிகாரம் உண்டு. இதைச் சொல்வது நியூ சவுத் வேல்ஸின் 1993ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், பிரிவு 435. மன்ற ஊழியர்களும் தப்ப முடியாது. நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்தவர்களுக்குப் பிரிவு 731 பாதுகாப்பு தருகிறது. (அந்த நல்லெண்ணத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் வழக்கறிஞர்களுக்கு வேலை!)

நம்ம தமிழ்நாட்டு உத்திரமேரூர் இதைவிடக் கறார். பராந்தக சோழன் காலத்து, 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுப்படி, வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் (உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் குடத்தில் இடும் ஓலைச்சீட்டில்) எழுதக் கூடாது. அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள் பெயரையும்கூட!