ஒரு கறுப்பு ரொட்டிக்காக 5,500 ரூபாய் டாக்ஸி: கப்பல் நிக்கிற ஊர்ல ரஷ்யச் சாப்பாடு தேடின கணக்கு

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டுக்கு லீவு. ஒரு சாப்பாட்டு பில்லைப் பிரிச்சுப் பார்க்கலாம்.

நெய்வேலியில வளர்ந்தவங்களுக்கு ரஷ்யா ஒண்ணும் அந்நியம் இல்லை. நம்ம ஊர் முதல் அனல்மின் நிலையம் சோவியத் யூனியன் உதவியோட வந்தது. 1962-ல முதல் 50 மெகாவாட் யூனிட் ஓட ஆரம்பிச்சு, 1970-ல 600 மெகாவாட் ஆச்சு. 2020 செப்டம்பரோட அதை மூடிட்டாங்க. என் தாத்தா அங்க ஃபிட்டர். ஒரு நைட் ஷிஃப்ட்ல ரஷ்யக்காரர் ஒருத்தர் தன் டிபன்ல இருந்து கறுப்பு ரொட்டி ஒரு துண்டு கொடுத்தாராம். புளிப்பு ரொட்டி, மேல கொத்தமல்லி விதை. "ரொட்டியில எதுக்குத் தனியா போட்டிருக்கான்னு அவர் முன்னாலேயே துப்பிட்டேன்டா. மனுஷன் முகம் சுருங்கிப்போச்சு" என்பார். அறுபது வருஷமா இதே கதை. ஒரு தடவையாவது அதை ஒழுங்காச் சாப்பிடணும்னு அவருக்கு ஆசை.

போன பிப்ரவரியில மும்பையில அத்தை வீட்டு விசேஷம். அது முடிஞ்சதும் தாத்தா, அப்பா, நான் மூணு பேரும் கோவா போற கப்பல்ல ஏறினோம். கப்பல் மர்மகோவா துறைமுகத்துல நிக்கும். ரஷ்யச் சாப்பாடு கிடைக்கிறது வடக்கே மோர்ஜிம், அரம்போல் பக்கம். ரஷ்யாவுல இருந்து குளிர்காலத்துக்கு வர்றவங்களால அங்க பல கடைகள்ல மெனுவே ரஷ்ய எழுத்துல இருக்கும். துறைமுகத்துல இருந்து 50 கிலோமீட்டருக்கு மேல.

இங்கதான் முதல் கணக்கு, பணத்துல இல்லை, நேரத்துல. கப்பல் காலை 10-க்கு நின்னது, மாலை 6-க்குள்ள திரும்ப ஏறணும். எட்டு மணி நேரம்னு கேட்கத் தாராளமா இருக்கும். இறங்கி வெளிய வர ஒண்ணு, போக ரெண்டு, வர ரெண்டு, டிராஃபிக்குக்கு ஒதுக்கி வெச்சது ரெண்டு. சாப்பிட ஒரே ஒரு மணி நேரம்! நீங்களா டாக்ஸி பிடிச்சுப் போனா கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. அந்த ரெண்டு மணி நேர இடைவெளியை மட்டும் தொடாதீங்க. அதுதான் உங்க எமர்ஜென்சி ஃபண்டு.

அப்பா கேட்டார்: "கப்பல்லயே சாப்பாடு இருக்கே, எதுக்கு ரெண்டு தடவை காசு?" நியாயமான கேள்விதான். ஆனா டிக்கெட்ல கொடுத்த சாப்பாட்டுக் காசு நாம சாப்பிட்டாலும் திரும்பாது, சாப்பிடலைன்னாலும் திரும்பாது. அதைக் கணக்குலயே எடுக்கக் கூடாது. இனி செலவாகப் போற காசுக்கு அந்த அனுபவம் தகுதியாங்கிறது மட்டும்தான் கேள்வி. எங்களுக்குத் தகுதி. போர்ஷ் எப்படி இருக்கும்னு பார்க்கணும்கிற வெறும் ஆர்வம்னா வேண்டாம். பீட்ரூட், முட்டைகோஸ், உருளைக்கிழங்கு வேகவெச்சு, மேல கெட்டித் தயிர் போட்டா வீட்டுலேயே நூறு ரூபாய்க்குள்ள கிட்டத்தட்ட வந்துடும். (அது ரஷ்ய சூப்பா, உக்ரைன் சூப்பாங்கிறதே பெரிய சண்டை. 2022-ல யுனெஸ்கோ உக்ரைனோட போர்ஷ் சமையலை அவசரமாப் பாதுகாக்க வேண்டிய மரபுப் பட்டியல்ல சேர்த்தது.)

மூணு போர்ஷ், ஒரு பிளேட் பெல்மெனி, சிர்னிகி, கொம்போத். பெல்மெனின்னா கறி பூரணம் வெச்ச குட்டிக் கொழுக்கட்டை. சிர்னிகி பனீர் மாதிரி பாலாடைக்கட்டியில தட்டிச் சுட்ட அடை, கொம்போத் பழம் வேகவெச்ச தண்ணி. தாத்தா சூப்பை ரெண்டு ஸ்பூன் குடிச்சுட்டு "ரசம் போட மறந்த சாம்பார்" என்றார். அவர் தேடி வந்தது ரொட்டி. கடையில அன்னிக்கு அது இல்லை.

பில் வந்தது. சாப்பாடு 2,120. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 212. இந்த ரெண்டுக்கும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி, 116.60. மொத்தம் 2,448.60. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை நண்பர்களே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, பில்லுல தானாச் சேர்க்கக் கூடாதுன்னு வழிகாட்டுதல் கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்ல அதை உறுதி செஞ்சது. சத்தம் போடாம, "இதை எடுத்துட்டு வேற பில் கொடுங்க"ன்னு கேட்டேன். 2,226 ஆச்சு. 222.60 மிச்சம். பரிமாறின பையனுக்கு நூறு ரூபாய் கையில கொடுத்தேன், அது அவனுக்கே போகும். மறுத்தா 1915 உதவி எண் இருக்கு. இன்னொண்ணு: காம்போசிஷன் திட்டத்துல இருக்கிற கடை உங்ககிட்ட ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. பில்லுல பார்த்துக்கோங்க.

ரொட்டி பக்கத்துத் தெரு பேக்கரியில கிடைச்சது. 190 ரூபாய், ரெண்டு வாங்கினோம். போக வர டாக்ஸி 5,500. டிப்ஸைத் தள்ளிட்டா மொத்தம் 8,106, அதுல மூணுல ரெண்டு பங்கு டாக்ஸி. ரஷ்யச் சாப்பாடு காஸ்ட்லின்னு சொல்றவங்க பெரும்பாலும் போய் வந்த செலவைத்தான் சொல்றாங்க. கோவாவுக்கு ரயில்லயோ ஃபிளைட்லயோ போய் மோர்ஜிம்லேயே ஒரு ராத்திரி தங்கினா இந்த 5,500-ல பெரும்பகுதி ரூமுக்கே ஆகும். மழைக்காலத்துல போகாதீங்க, கடற்கரைக் குடில் கடைகளைப் பிரிச்சிடுவாங்க.

ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான்: "எல்டிஏ-ல க்ளெய்ம் பண்ணலாமாண்ணே?" புது வரி முறையில இருந்தா அந்தப் பேச்சே இல்லை. பழைய முறையிலயும் இந்தியாவுக்குள்ள பயணக் கட்டணம் மட்டும்தான், அதுக்கும் உச்சவரம்பு இருக்கு. சாப்பாடு, தங்கல், உள்ளூர் டாக்ஸி எதுவும் வராது. அதைவிடக் கொடுமை, உங்களைச் சார்ந்திருக்கிற அப்பா அம்மா வருவாங்க, கூடப் பிறந்தவங்க வருவாங்க. தாத்தா அந்தக் 'குடும்பம்'ங்கிற வரையறையிலேயே இல்லை.

கப்பல் டிக்கெட்டை நோ-காஸ்ட் இஎம்ஐ-ல போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. வட்டியை டிஸ்கவுன்ட்டாக் கழிச்சுக் காட்டுவாங்க, ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் உங்க தலையில. நான் பத்து மாசம் ஆர்டி போட்டேன். விளம்பரத்துல இருக்கிற விலையை நம்பி ஆர்டி தொகையை முடிவு பண்ணாதீங்க. துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையைப் பார்த்துப் பண்ணுங்க.

திரும்பும்போது தாத்தா டாக்ஸியில ஒரு ரொட்டியைப் பிரிச்சார். கொத்தமல்லி விதை இருந்தது. மெதுவா மென்னு ஒரு முழுத் துண்டும் சாப்பிட்டார். "இப்பவும் புளிக்குதுடா" என்றார், ஆனா துப்பலை. வெளிச் சாப்பாட்டைப் பல கப்பல்ல உள்ள விடமாட்டாங்க. இன்னொரு ரொட்டி பிரிக்காத பாக்கெட்டா இருந்ததால செக்கிங்ல விட்டாங்க. அது நெய்வேலி வரைக்கும் வந்தது. ஊருக்கு வந்த மறுநாளே தன்னோட பழைய ஷிஃப்ட்காரங்க ரெண்டு பேர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார்.

ஒருத்தர் துப்பிட்டாராம்.