டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்: எண்ணெய் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் கேடு

நிபோங் திபால் – அப்பா தோட்டத்தில் வேலை செய்தபோது வாங்கி ஓட்டிய மோட்டார் சைக்கிளைப் பிள்ளைகள் தூசு தட்டிச் சீர்செய்யும் காலம் இது. அவற்றில் முதலிடம் யமஹா ஆர்எக்ஸ்இசட்டுக்குத்தான். 1985-இல் மலேசியாவில் அறிமுகமாகி, 2011-இல் உற்பத்தி நின்றுபோன இந்த 133 சிசி வண்டிக்கு இன்றும் மவுசு குறையவில்லை.

சாயம் பூசவும் குரோம் பளபளக்கவும் தாராளமாகச் செலவழிப்பவர்கள்கூட எண்ணெய் விஷயத்தில் கோட்டை விடுவதுண்டு. எண்ணெய் போய்ச் சேராவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரில் இறுகிவிடும். அந்த நொடியில் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். ஜாவியில் நெடுஞ்சாலை ஏறி வேகமாகப் போகும்போது இது நடந்தால், பாதிப்பு இயந்திரத்தோடு நிற்காது.

எண்ணெய் தேங்காத இயந்திரம்

ஹோண்டா சி70 போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் ‘காப்சாய்’ ஓட்டிப் பழகியவர்கள், குறித்த தூரம் ஓடியதும் ‘மின்யாக் ஈத்தாம்’ மாற்றினால் போதும் என்று நினைப்பார்கள். அந்த வகை இயந்திரத்தின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். அதே எண்ணெய் திரும்பத் திரும்பச் சுற்றி வரும்.

டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் நுழைகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அமுக்கப்பட்டு, அங்கிருந்து சிலிண்டருக்கு ஏறுகிறது. கிராங்க் அறையே பம்ப்பாக வேலை செய்வதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. ஆகவே எண்ணெயும் பெட்ரோலோடு உள்ளே போய், கிராங்க் பேரிங்கிலும் பிஸ்டனிலும் சிலிண்டர் சுவரிலும் படிந்து, பின்னர் எரிந்து புகையாகிறது. புது எண்ணெய் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கியர் பெட்டியின் எண்ணெய் வேறு. கியர்களுக்கும் கிளட்ச்சுக்கும் உரிய அதைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். அதை மாற்றிவிட்டு, பிஸ்டனுக்கும் எண்ணெய் ஊற்றியாயிற்று என்று நினைப்பது பெரும் தவறு.

கையால் கலப்பவர்கள் கவனத்திற்கு

பழைய வெஸ்பா, ஜாவா போன்ற வண்டிகளில் எண்ணெயைப் பெட்ரோலில் கலந்தே ஊற்ற வேண்டும். 1:20 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லிலிட்டர்; 1:25 என்றால் 40; 1:40 என்றால் 25; 1:50 என்றால் 20. எது பொருந்தும் என்பது வண்டியையும் எண்ணெயின் தரத்தையும் பொறுத்தது. தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவே தொடக்கப் புள்ளி. மூடியைக் கொண்டு குத்துமதிப்பாக ஊற்றாமல், அளவுக்கோடு போட்ட குடுவையைப் பயன்படுத்துவது நல்லது.

கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் பாதுகாப்பு என்ற எண்ணமும் சரியல்ல. எண்ணெய் கூடினால் ஸ்பார்க் பிளக் நனையும். புகைபோக்கியிலும் பிஸ்டன் வளையங்களிலும் கரி அடைக்கும். அது மட்டுமன்று, கார்புரேட்டர் துளை வழியே போகும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடும்போது பெட்ரோலின் பங்கு குறையும். காற்று மிகுந்த கலவை சூட்டைக் கூட்டும்.

பம்ப் இருந்தால் கவலை இல்லையா?

கலக்கும் தொல்லையைப் போக்க, யமஹா 1964-இல் ‘ஆட்டோலூப்’ முறையை அறிமுகப்படுத்தியது. எண்ணெய்க்குத் தனித் தொட்டி. இயந்திரத்தால் இயங்கும் சிறு பம்ப். திராட்டலைத் திருகும்போது ஒரு கேபிள் பம்ப்பையும் இழுப்பதால், வேகத்திற்கும் சுமைக்கும் ஏற்ப எண்ணெய் போகும். ஆர்எக்ஸ்இசட் இந்த முறையில் வந்ததுதான்.

ஆனால் கேபிள் தளர்ந்தால் பம்ப் குறைவாகத் திறக்கும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் எண்ணெய் வராது. இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய பிறகு, பம்ப்பிலுள்ள காற்று நீக்கும் திருகாணியைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை எண்ணெயை ஓடவிட வேண்டும். பம்ப்பின் அடையாளக் கோடு கையேட்டில் சொன்ன இடத்தில் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன்பின் முதல் தொட்டிப் பெட்ரோலில் சிறிது எண்ணெய் கலந்து ஓட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

பம்ப்பைக் கழற்றிவிட்டுக் கையால் கலப்பவர்களும் உண்டு. அவர்கள் எண்ணெய் நிலையத்தில் ஒரு முறை மறந்தாலும், அந்தத் தொட்டி முழுவதும் வெறும் பெட்ரோல்தான்.

படகு எண்ணெய் வேண்டாம்

கிரியான் ஆற்றில் படகோட்டுபவர்கள் வாங்கும் டிசி-டபிள்யூ3 எண்ணெயும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயே. ஆனால் அது நீரால் குளிரும் படகு இயந்திரத்திற்கானது. காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிளின் சூடு அதைவிட அதிகம். புட்டியில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று அச்சிட்ட எண்ணெயைத் தேர்ந்தெடுத்தால் புகையும் கரியும் குறையும்.

மலைச்சாலையில் கூடுதல் கவனம்

கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது திராட்டலை மூடி, இயந்திரத்தின் இழுவையாலேயே வேகத்தைக் குறைப்பது பலரின் பழக்கம். பெட்ரோலில் எண்ணெய் கலந்த வண்டியில் இது ஆபத்து. பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நிற்கும். பிஸ்டன் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். பிரேக்கைப் பயன்படுத்தி, இடையிடையே திராட்டலைச் சிறிது திறந்துவிட வேண்டும்.

வேகமாகப் போகையில் யாரோ பின்னால் இழுப்பதுபோல் வண்டி தளர்ந்தால் உடனே கிளட்ச்சைப் பிடித்து ஓரங்கட்ட வேண்டும். இயந்திரம் நன்றாக ஆறும்வரை உதைத்துப் பார்க்கக் கூடாது.

நெடுநாள் நின்ற வண்டி

பல ஆண்டு கிடந்த வண்டியை நேரே உதைக்காமல், பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது 2டி எண்ணெய் விட்டு மெல்லச் சுழற்ற வேண்டும். கிராங்க் இருபக்கமும் உள்ள ரப்பர் சீல்கள் இறுகியிருக்கக்கூடும். மேக்னெட் பக்கத்துச் சீல் கசிந்தால் காற்று உள்ளே புகுந்து சூடு ஏறும். கிளட்ச் பக்கத்துச் சீல் கசிந்தால் கியர் எண்ணெய் உள்ளே இழுபட்டு எரியும். புகை திடீரெனக் கூடி, கியர் எண்ணெயும் குறைந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

இறுகிப்போன சிலிண்டரைக் கடைந்து அடுத்த அளவு பிஸ்டன் போடலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை முடிந்துவிட்டால், உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு அசல் சிலிண்டர் தேடி அலைய வேண்டியதுதான். புறப்படுமுன் எண்ணெய்த் தொட்டியை எட்டிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.