விசுவாசம் யார் தலையில், அன்பு யார் பக்கம்? ஊழியத்தில் ஒரு வரிசைக் கணக்கு

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சின்ன ஊழிய அமைப்புக்கு வரவு செலவுக் கணக்கை எக்செல்லில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேர வேலை, அவ்வளவுதான். ஒரு மாதம் பார்த்தால், கிராமத்தில் வேலை செய்கிற நான்கு பேருடைய படிக்காசு மூன்று மாதமாக நிலுவை. அதே மாதத்தில் கூட்டத்துக்கு மேடை, பந்தல், ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் முழுசாகப் பணம் போயிருந்தது. பொறுப்பில் இருந்தவரிடம் கேட்டேன். "அவங்க விசுவாசத்தோட இருக்கட்டும் பிரதர், ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. 'நிலுவை' என்று ஒரு புதிய பத்தி சேர்த்து, தொகையைப் போட்டு, கோப்பைச் சேமித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தப் பத்தியிலிருந்து ஆரம்பிக்கிறது.

"ஊழியத்தில் முதலிடம் தேவன்மேல் உள்ள அன்புக்கும் நம்பிக்கைக்கும்தான்" என்பது எல்லாச் சபைகளிலும் கேட்கிற வாக்கியம். யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க முடியாத வாக்கியத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது: அதை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அதனால், அந்த வாக்கியத்தை உண்மையாகவே வாழ்ந்து பார்த்தவர்கள் நடைமுறையில் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஜார்ஜ் முல்லர். 1805இல் பிரஷ்யாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1836இல் ஒரு வாடகை வீட்டில் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை ஆரம்பித்தார். பிறகு ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் ஐந்து பெரிய கட்டடங்கள், ஒரே சமயத்தில் சுமார் 2,000 பிள்ளைகள். 1898இல் அவர் இறக்கும்போது மொத்தம் சுமார் 10,000 பிள்ளைகள் அவர் பராமரிப்பில் வளர்ந்திருந்தார்கள். இதற்காக அவர் எந்த மனிதரிடமும் பணம் கேட்கவில்லை, கடனும் வாங்கவில்லை. ஜெபம் மட்டும்தான். சாப்பாட்டு மேஜை காலியாக இருக்கும்போது கதவு தட்டப்படுகிற கதைகளை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள்.

ஆனால் என்னை நிறுத்தியது அந்தக் கதைகள் இல்லை. அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1830இல் அவர் எடுத்த ஒரு சின்ன முடிவு.

அப்போது அவர் டின்மத் என்ற கடலோர ஊரில் ஒரு சிறு சபைக்குப் போதகர். அந்தக் காலத்து வழக்கப்படி, சபையில் இருக்கைகளுக்கு வாடகை உண்டு. அதிகம் கொடுத்தவருக்கு நல்ல இடம், கொடுக்க முடியாதவருக்கு ஓரம். அந்த வாடகையிலிருந்துதான் போதகருக்குச் சம்பளம். முல்லர் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் படிக்கிறார். நல்ல உடை போட்டு வருகிறவனை உட்காரவைத்து, ஏழையை நிற்கவைப்பது தவறு என்று அங்கே இருக்கிறது. இருக்கை வாடகையை நிறுத்தினார். அதோடு தன் நிரந்தரச் சம்பளத்தையும் விட்டார். விருப்பமுள்ளவர்கள் போடட்டும் என்று ஒரு பெட்டி வைக்கப்பட்டது. அப்போதுதான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி மேரியும் அந்த முடிவில் கூட நின்றார்.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். "நான் பெரிய விசுவாச வீரனாக வேண்டும்" என்று அவர் சம்பளத்தை விடவில்லை. ஏழைக்கு ஓரத்தில் இடம் கொடுக்கிற ஏற்பாட்டை முதலில் தூக்கினார். அதைத் தூக்கியபோது அவருடைய வருமானமும் சேர்ந்து போனது. அந்த நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொள்ள முடிந்ததற்குப் பெயர்தான் நம்பிக்கை. சம்பளத்துக்காகப் பணக்காரரின் முகம் பார்த்துப் பிரசங்கிக்க வேண்டிய கட்டாயமும் கூடவே போயிற்று.

இன்னொரு விஷயம். "யாரிடமும் கேட்கவில்லை, ஆனால் வருடாந்தர அறிக்கை அச்சடித்தாரே, அதுவும் ஒரு வகை விளம்பரம்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எனக்கும் வந்தது. அவருக்கும் அந்த உறுத்தல் இருந்திருக்கிறது. 1841 இறுதியில் இல்லத்தில் பணத் தட்டுப்பாடு. அறிக்கை வெளியிட வேண்டிய நேரம். இப்போது வெளியிட்டால் மறைமுகமாகக் கேட்பது போல ஆகிவிடும் என்று அதைத் தள்ளிவைத்தார். பணம் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் வாயை மூடிக்கொள்வது! இன்றைக்கு நிதி திரட்டுகிறவர்கள் செய்வதற்கு நேர் எதிர். அதே மனிதர் சிறிய காணிக்கையைக்கூட விடாமல் கணக்கு எழுதி வெளியிட்டார். நம்பிக்கை என்றால் கணக்கு வேண்டாம் என்று அர்த்தம் இல்லை.

முல்லருக்கு இந்தப் பாதையில் ஒரு முன்னோடி இருந்தார்: மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். எக்ஸெட்டர் நகரத்தில் நன்றாகச் சம்பாதித்த பல் மருத்துவர். 1829இல் தொழிலை விட்டுவிட்டு பாக்தாத் போனார். அங்கே கொள்ளைநோயில் மனைவியை இழந்தார். 1833இல் இந்தியா வந்தார். இங்கேதான் நம்ம ஊர் ஆள் ஒருவர் கதைக்குள் வருகிறார்.

ஜான் அருளப்பன். 1810இல் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். குரோவ்ஸோடு சேர்ந்து பயணம் செய்தார். நிரந்தரச் சம்பளம் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றார். 1840இல் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற கிராமத்தை அமைத்து, அங்கிருந்து ஊழியம் செய்தார். 1860இல் ஆரம்பித்த எழுப்புதலில் அவர் பெயர் தவறாமல் வரும். 1867இல் இறந்தார். வெள்ளைக்கார மிஷனரிக்குக் கீழே சம்பளத்துக்கு இருப்பதுதான் உள்ளூர் ஊழியரின் இடம் என்று இருந்த காலத்தில், ஒரு தமிழர் சம்பளத்தை மறுப்பது சாதாரண விஷயம் இல்லை. யாரும் அவரை மறுக்கச் சொல்லவில்லை என்பதுதான் முக்கியம். கொடுக்க முன்வந்தார்கள். அவராக மறுத்தார்.

அருளப்பன் இறந்த அதே 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். 1895இல் இந்தியா வந்து, தமிழ் படித்து, திருநெல்வேலிச் சீமையில் பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்களோடு ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். 1901 மார்ச்சில், பெருங்குளத்தில் தேவதாசி முறைக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த ப்ரீனா என்ற சிறுமி தப்பி ஓடி, பண்ணைவிளையில் அவரிடம் வந்து சேர்ந்தாள். மடியில் ஏறி உட்கார்ந்த அந்த ஒரு பிள்ளையோடு அவருடைய முழுத் திட்டமும் மாறிப்போனது.

பிள்ளைகள் பெருகினார்கள். ஊர் ஊராகப் போக முடியவில்லை. "பிரசங்கிக்க வந்தவள் ஆயா வேலை பார்க்கலாமா?" என்ற கேள்வி வந்தது. வெளியிலிருந்து மட்டும் இல்லை, அவருக்குள்ளேயே வந்தது. இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவியதுதான் அவருக்குக் கிடைத்த பதில். டோனாவூரில் அந்தக் குடும்பம் வளர்ந்தது. பணம் கேட்டு வேண்டுகோள் கிடையாது. கூட வேலை செய்தவர்களுக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் அவரும் சம்பளம் வாங்கவில்லை, எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தார்கள். 1931இல் கீழே விழுந்து அடிபட்டு, கடைசி இருபது வருஷமும் பெரும்பாலும் அறைக்குள்ளேயே. 1951இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே கல்லறைக் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் இருக்கிறது.

இதில் நான் கவனித்தது: ஊழியத்தின் திட்டத்தை அன்பு மாற்றியது, அன்பைத் திட்டம் மாற்றவில்லை. எத்தனை ஊர், எத்தனை கூட்டம் என்று எண்ணியிருந்தால் 1901க்குப் பிறகு ஏமியின் அறிக்கையில் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். முல்லர் மாதிரி கதைகளில் பணம் வந்து சேர்ந்தவர்களின் கதைதான் நம்மிடம் வந்து சேர்கிறது. வராமல் போனவர்கள் புத்தகம் எழுதவில்லை. அதனால் "நம்பினால் பணம் வரும்" என்பதை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது. குரோவ்ஸ் நம்பித்தான் போனார், மனைவியைப் புதைத்துவிட்டு வந்தார். அவர்களுக்கு நம்பிக்கை என்பது பலனுக்கான உத்தரவாதம் இல்லை. பலன் எதுவானாலும் யாரைச் சார்ந்து நிற்பது என்ற தீர்மானம்.

சரி, வரிசைக்கு வருவோம். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மீன் சுட்டுக் காலைச் சாப்பாடு கொடுக்கிறார். பிறகு பேதுருவிடம் ஆடுகளை ஒப்படைக்கிறார். வேலையில் சேர்க்கும்முன் நாம் என்ன கேட்போம்? அனுபவம் என்ன, திட்டம் என்ன, போன வேலையை ஏன் விட்டாய்? பேதுரு விஷயத்தில் கடைசிக் கேள்வி ரொம்ப சங்கடமானது, மூன்று தடவை மறுதலித்தவர். ஆனால் கேட்கப்பட்டது ஒரே கேள்வி, மூன்று தடவை: என்மேல் அன்பாயிருக்கிறாயா? ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால்தான் ஆடுகள் வருகின்றன. அவர்மேல் உள்ள அன்புக்கு அடையாளம், அவருடைய ஆடுகள் பட்டினி கிடக்காமல் இருப்பது.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குக் கிடைத்த சோதனை இவ்வளவுதான்: விசுவாசத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது, அன்பின் பலன் யார் பக்கம் போகிறது? முல்லர் தன் சம்பளத்தை விட்டார், பிள்ளைகளின் சாப்பாட்டை இல்லை. அருளப்பன் தனக்கு வந்ததை மறுத்தார். ஏமி தன் திட்டத்தை விட்டார். மூன்று பேரிடமும் ரிஸ்க் தனக்கு, பலன் அடுத்தவருக்கு. எங்கள் கணக்கில் அது தலைகீழாக இருந்தது. மேடை நமக்கு, விசுவாசம் கிராமத்து ஊழியருக்கு. பசித்திருக்கிறவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் சமாதானத்தோடே போகச் சொல்வதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பதும் அதே யாக்கோபு இரண்டாம் அதிகாரம்தான். முல்லர் படித்த அதே பக்கம்.

அந்த நான்கு பேரில் ஒருவரை மறுபடி பார்த்தபோது சொன்னேன்: "அண்ணே, அந்த மூணு மாசம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேட்காம இருந்துட்டேன்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பரவாயில்ல தம்பி. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டத்தான் சிரமமாப் போச்சு. ஸ்கூல்ல வெளிய நிக்க வச்சுட்டாங்க" என்றார். அவர் விசுவாசத்தோடுதான் இருந்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே நின்றது பிள்ளை.

அடுத்த வருஷ பட்ஜெட்டை நான்தான் தட்டச்சு செய்தேன். களப் பணியாளர் படிக்காசை முதல் வரியில் வைத்தேன், மேடைச் செலவைக் கடைசி வரியில். அந்த வரி முடிந்த பிறகுதான் மற்றது என்று குழுவில் சொன்னேன். ஒரு மணி நேரம் வாக்குவாதம். "உங்களுக்கு விசுவாசம் பத்தாது பிரதர்" என்றார் ஒருவர். இருக்கலாம். வரிசையை மட்டும் மாற்ற விடவில்லை. அந்த வருஷம் கூட்டம் பந்தல் இல்லாமல் பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தடியில் நடந்தது. படிக்காசு நிலுவை இல்லை.