ஐப்பசிக் கல்யாணத்துக்கு இருப்பேனா டாக்டர்?

ஸ்கேன் ரிப்போர்ட் மகன் கையில் இருக்கும். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் உள்ளே போவார். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் சார்" என்பதுதான் முதல் பேச்சே. அம்மாவுக்கு வயது 75. கீமோ வார்டில் மணிக்கணக்கில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர், பக்கத்து நாற்காலிக்காரரின் தலையைப் பார்த்தவர். "சாதாரணக் கட்டிதாம்மா" என்பதை அவர் நம்பியதாகக் காட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அவருக்குத் தெரியாதது வேறு. ஐப்பசியில் பேத்தி கல்யாணம். அதுவரை நடமாட்டத்தோடு இருப்போமா? இதைக் கேட்க அவருக்கு ஆளில்லை.

டாக்டரிடமும் நேரான பதில் இருக்காது. '5 ஆண்டு பிழைப்பு விகிதம்' என்பது முன்பு இதே நோய் வந்தவர்களில் எத்தனை பேர் 5 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள் என்ற கூட்டுக் கணக்கு. நூற்றுக்கு 60 என்றால், இந்த அம்மா அந்த 60இல் சேர்த்தியா மற்ற 40இலா என்று அது சொல்லாது. போதாக்குறைக்கு, மருந்துச் சோதனைகளில் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ள முதியவர்களை அதிகம் சேர்ப்பதில்லை. இளவயதுக்காரர் உடம்பில் அளந்த சட்டையைத்தான் இவருக்கு மாட்டிப் பார்க்கிறோம்.

அதனால்தான் முதியோர் புற்றுநோய் மருத்துவத்தில் வயதைவிடத் தெம்பைப் பார்க்கச் சொல்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். சமீபத்தில் கீழே விழுந்தாரா, எடை குறைந்ததா, தினம் எத்தனை மாத்திரை, வீட்டில் துணைக்கு யார் என்று விசாரிப்பார்கள். அமெரிக்காவில் நோய் முற்றிய, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 718 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் 'லான்செட்' இதழில் வந்தது. இந்த விவரமெல்லாம் டாக்டர் கைக்குப் போன இடங்களில் 51 சதவீதம் பேருக்குக் கடும் பக்கவிளைவு. போகாத இடங்களில் 71. விவரம் தெரிந்த டாக்டர்கள் பலர் முதல் சுற்றில் மருந்தின் அளவைக் குறைத்தே தொடங்கினார்கள். ஓராண்டு வரை பார்த்ததில் அதனால் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை.

மறைப்பது பாசத்தினால்தான், சந்தேகமில்லை. ஆனால் அதில் நோய் மறைவதில்லை, அம்மாவின் கேள்விதான் மறைந்துபோகிறது. அடுத்த முறை அவரையும் உள்ளே அழைத்துப் போங்கள். எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். கணக்கே வேண்டாம் என்றால் அதுவும் சரி. கல்யாணத் தேதியை மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உடல்நிலை இடம் கொடுத்தால், முகூர்த்தத்தை ஒட்டி கீமோவைச் சில நாள் தள்ளிவைக்க முடியும்.