சீல் வெச்சா முடிஞ்சது பாஸ்!

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டிக்கிட்டு காலேஜுக்கு லேட்டா போயிருக்கீங்களா? திருவொற்றியூர்வாசிகளான எங்களுக்கு அது அடிக்கடி கிடைக்கும் தரிசனம்! ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர், கதவுல ஒரு சீல். கப்பல் கிளம்பின பிறகு, 'ஐயோ, தப்பான சரக்கை ஏத்திட்டேனே'ன்னு ஓடி பிரயோஜனமில்லை.

நாம எழுதுற புரோகிராமை ஊருக்கு அனுப்புறதும் இதே கதைதான். பைதான் மொழிக்கான துறைமுகம், 2003-ல் தொடங்கிய 'பைபிஐ'. யார் வேணும்னாலும் இலவசமா பேக்கேஜ் ஏத்தலாம். 'பிப் இன்ஸ்டால்'னு ஒரு வரி அடிச்சு யாரும் இறக்கிக்கலாம்.

நம்ம ஊர் சரக்கும் அங்கே இருக்கு. 'தமிழ்' என்ற சொல்லுல எத்தனை எழுத்துன்னு பைதானைக் கேட்டா, அசராம '5'னு சொல்லும். 'மி'யோட கொக்கியையும் 'ழ்' மேல இருக்குற புள்ளியையும் தனியா எண்ணுறதால வந்த வினை! 'ஓப்பன்-தமிழ்' பேக்கேஜை இறக்கினா, சமர்த்தா மூணு எழுத்தாப் பிரிச்சுத் தரும். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கியது இது.

ஆசை யாரை விட்டது? செகண்ட் இயர்ல நானும் ஜிபிஏ கணக்கு போடுற குட்டி பேக்கேஜ் ஒண்ணை ஏத்தினேன். வெர்ஷன் 0.1. கிரெடிட்டைப் பெருக்குற இடத்துல சொதப்பல்! சத்தமில்லாம திருத்தி அதே 0.1 பேர்ல ஏத்தப் பார்த்தேன். ஊஹூம்! அழிச்சாலும் அதே ஃபைல் பேரை மறுபடி ஏத்துக்காது. அதுக்குள்ள ஃப்ரெண்ட் ஒருத்தன் மினி புராஜெக்ட்ல அதைச் சேர்த்துட்டான். ராத்திரி பன்னெண்டு மணிக்கு போன்: "மச்சி, நாளைக்கு ரிவ்யூடா!" அவசரமா 0.1.1 ஏத்தி, பழசை 'யாங்க்' செஞ்சேன். அதாவது, 'இதை எடுக்காதீங்க'ன்னு முத்திரை குத்துறது.

கோபமா வந்துச்சு. அப்புறம்தான் 2016 மார்ச் கதை தெரிஞ்சது. ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தின் 'என்பிஎம்'மில், பேர் தகராறுல கடுப்பான ஒருத்தர் தன் பேக்கேஜ்களை எல்லாம் உருவிட்டார். அதுல ஒண்ணு 'லெஃப்ட்-பேட்'. வெறும் 11 வரி! அடியில இருந்த பெட்டியை இழுத்த மாதிரி, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான புராஜெக்ட்டுகள் தடுமாறிடுச்சு. அதுக்குப் பிறகு, நினைச்சவுடனே உருவ முடியாதபடி என்பிஎம் விதியை இறுக்கியது.

ஸோ, நீங்களும் ஏத்துங்க. முதல்ல ஒத்திகைக்கு 'டெஸ்ட்பைபிஐ' இருக்கு, அங்கே பாருங்க. திருத்தினா வெர்ஷன் நம்பரை மாத்துங்க. 2024 முதல் பைபிஐ கணக்குக்கு ரெண்டாவது பூட்டும் கட்டாயம். சாவியை யார்கிட்டேயும் கொடுக்காதீங்க.

ஏன்னா, பெட்டி உங்களோடது. அதைப் பிரிக்கிறவன் ரிவ்யூக்கு முதல் நாள் ராத்திரி பிரிப்பான்!